கெல்ப் தெருவின் ஐந்தாவது கார்

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், ஆஸ்திரேலியாவின் தென்கடலோரத் தீபகற்பம் ஒன்றில் இருக்கும் பென்ரோஸ் பே ஊரே வாணலியில் போட்டது மாதிரி வறுபட்டுக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, மெரின் ட்ரெஸைஸ் தலை நிறைய ஷாம்பு நுரையோடு நின்றிருந்தபோது குளியலறை விளக்கு அணைந்தது. கூடத்தில் ஏசியின் இரைச்சல் அடங்கியது. அடுத்த நொடி, தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குரலாக "ஓ…" என்று ஒரு சத்தம் கிளம்பியது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

"போச்சு," என்றாள் மெரின், சுவரைப் பார்த்து.

கரண்ட் போனால் கெல்ப் தெருவில் மற்றவர்களுக்கு ஒரு தொல்லை என்றால் மெரினுக்கு இரண்டு. வட்டாரத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக லைன் வேலை பார்ப்பவள் அவள். புயலில் சாய்ந்த கம்பம், மரம் விழுந்து அறுந்த கம்பி என்று தீபகற்பம் முழுக்க ஓடி ஓடிச் சரிசெய்கிறவள் வீட்டு வாசலிலேயே ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. அதுவும் தெருவே பார்த்திருக்க.

ஈரத் தலையோடு சீருடையை மாட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது சூரியன் கடலுக்கு மேலே சாய்ந்திருந்தும் வெயில் முகத்தில் அறைந்தது. அதற்குள் அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கையில் பீர். எதிரே டிரான்ஸ்பார்மர் கம்பம். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருந்தது.

மெரின் ஃபியூஸ் மாற்றும் நீளக் கம்பை வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். தனி ஆளாகக் கம்பத்தைத் தொடக் கூடாது என்பது விதி. கூட வேலை பார்க்கும் டாரியோ பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர இருபது நிமிஷம் ஆகும்.

"ஏம்மா மெரின்," என்று ஆரம்பித்தார் எட்டாம் நம்பர் வீட்டு நெவ் கிட்டோ. அறுபத்தாறு வயது, தானியக் கிடங்கில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "குச்சியப் பிடிச்சுக்கிட்டுக் கம்பத்தை வேடிக்கை பாக்குறதுக்குக்கூட உங்க கம்பெனில சம்பளம் குடுக்குறாங்களா? நானும் வரேன்."

"உங்க வாய்க்கு அங்க எடம் பத்தாது, நெவ்."

"எல்லாம் இந்தப் பொம்மைக் காருங்களால வந்த வினை. நாலு வீட்டுல நாலு கார். சாயங்காலம் ஆனா நாலும் வந்து கன்னுக்குட்டி மாதிரி சுவத்துல வாய வச்சிடுது. தெருவுல எப்படி மிச்சம் இருக்கும்? என் டீசல் வண்டியப் பாரு. யார்கிட்டயாவது பால் கேட்டிருக்கா?"

சிரிப்பு எழுந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி கோரல் மட்டும் சிரிக்காமல் தன் வலது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் அந்தக் கையிலும் காலிலும் கொஞ்சம் தங்கிவிட்டது.

நெவ் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒன்பது வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். அதைக் கம்பத்தில் ஏற்றிய காலத்தில் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் இருந்தாலே பெரிது. இப்போது ஒன்பது வீட்டிலும் ஏசி, நாலு வீட்டில் மின்சாரக் கார். பகலெல்லாம் கூரைகளில் இருந்த சோலார் தகடுகள் வெயிலைக் குடித்துக் குடித்து வேண்டாத அளவுக்கு மின்சாரத்தைக் கொட்டும். வாங்க ஆள் இருக்காது. சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பி, ஏசியைப் போட்டு, அடுப்பைப் போட்டு, காருக்கும் சார்ஜ் போடும்போது வெயில் இறங்கியிருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் கிழட்டு டிரான்ஸ்பார்மருக்கு மூச்சு முட்டியது.

டாரியோ வந்தான். மெரின் கைகளைக் குவித்துக் கத்தினாள். "எல்லாரும் ஏசிய ஆஃப் பண்ணுங்க! கார் ப்ளக்கப் பிடுங்குங்க! கரண்ட் வந்து கால் மணி நேரம் கழிச்சு ஒண்ணொண்ணா போடுங்க. கேக்குதா? ஒண்ணொண்ணா!"

அன்று தெருவுக்கு மின்சாரம் திரும்பியபோது மணி எட்டு.

மறுநாள் காலை மெரின் தன் மேலாளரிடம் கெஞ்சிப் பார்த்தாள். பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து நாலு மாதமாகிறது.

"வரிசைல இருக்கு மெரின். ஆகஸ்ட்ல பாக்கலாம்."

"ஆகஸ்ட்ல எங்களுக்கு ஹீட்டர் பிரச்சினை வரும் சார். இப்ப ஏசி பிரச்சினை."

"அதுவரைக்கும் உன் தெருக்காரங்களோட பேசிப் பாரேன். உன் பேச்சக் கேக்க மாட்டாங்களா?"

பேசிப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். அதற்கு முன்னால் மத்தியானம் டாரியோவோடு வந்து, டிரான்ஸ்பார்மரில் ஒரு பதிவுக் கருவியைப் பொருத்தினாள். எந்தக் கம்பியில் எந்த நிமிஷம் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அது குறித்து வைக்கும். பிறகு தன் கணவன் கஸ்ஸிடம் சொல்லி, சாயங்காலம் பின்கட்டில் சாசேஜும் வெங்காயமும் சுட வைத்து, கார் வைத்திருந்த மூன்று வீட்டாரையும் கூப்பிட்டாள். நாலாவது கார் அவர்களுடையதேதான். கஸ் அதில்தான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்வந்தான்.

வந்தவர்களில் டாம்ஸின் பாஸ்கோ ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். பேசினால் வெடுக்கென்று இருக்கும். ஹெட்டி கால்நடை டாக்டர். எதற்கும் "எனக்கு ஓகே" என்பவள். மூன்றாவது மரிவிக் சலோங்கா. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து ஒன்பது வருஷமாக முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இந்த வார இருட்டில், கோடை முழுக்கக் கடலில் வாரிச் சேர்த்த நண்டெல்லாம் ஃப்ரீசரில் கெட்டுப்போய்த் தூக்கிப் போட்டிருந்தாள். ஆனாலும் ஒரு பெரிய தட்டு நிறைய நூடுல்ஸ் வதக்கி எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

"ஒரே சமயத்துல ரெண்டு காருக்கு மேல சார்ஜ் போடக் கூடாது. அதுவும் ராத்திரி பத்துக்கு மேல. அவ்வளவுதான் நான் கேக்குறது," என்றாள் மெரின்.

"எனக்கு ராத்திரி திடீர்னு கூப்பிடுவாங்க," என்றாள் டாம்ஸின். "கொழந்தை பத்து மணி வரைக்கும் காத்திருக்குமா?"

"உன் கார்ல எப்பவும் பாதிக்கு மேல இருக்கும். பயத்துல ரொப்பி ரொப்பி வச்சுக்கிறே."

"நான் எப்பவாவது சார்ஜ் இல்லாம நடுரோட்டுல நின்னிருக்கேனா? அதுக்குக் காரணமே அந்தப் பயந்தான்."

பேசி, இழுத்து, விட்டுக்கொடுத்து, கடைசியில் ஒரு முறை வைத்தார்கள். கஸ் அதை அழகான கையெழுத்தில் அட்டையில் எழுதி நாலு படி எடுத்தான். டாம்ஸினுக்கும் ஹெட்டிக்கும் ஒரு நாள், மரிவிக்குக்கும் கஸ்ஸுக்கும் மறுநாள். எல்லாம் பத்து மணிக்கு மேல்தான்.

சனி, ஞாயிறு இரண்டு சாயங்காலமும் விளக்கு ஒரு கண் சிமிட்டல்கூட இல்லாமல் எரிந்தது. வேலி வழியே ஹெட்டி கட்டை விரலைக் காட்டினாள். மெரினுக்குப் பெருமை பிடிபடவில்லை. திங்கள் காலை டாரியோவிடம், "மனுஷங்ககிட்ட நல்லபடியா பேசினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்டா," என்று உபதேசம் வேறு செய்தாள்.

திங்கள் சாயங்காலம் ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஃபியூஸ் போனது.

இந்தத் தடவை நாற்காலிகளை யாரும் கொண்டுவரவில்லை. டாம்ஸின் நேராகத் தெரு நடுவில் வந்து நின்றாள்.

"யாரோ முறைய மீறியிருக்காங்க. நான் இல்ல. ஹெட்டி இன்னும் வீட்டுக்கே வரல."

"யாருன்னு எப்படிச் சொல்றது," என்றாள் மெரின்.

"நான் சொல்றேன். மரிவிக் வீட்டுச் சுவத்துல பச்சை லைட்டு எரிஞ்சுது. ஆறரைக்கு நாய கூட்டிட்டு வரும்போது என் கண்ணால பாத்தேன்."

மரிவிக் வீடு பூட்டிக் கிடந்தது. ஆனால் தெருவில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். டாம்ஸின் குரல் மெல்லிசானது இல்லை. "முறை எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மெரின் வாயைத் திறந்தாள். சுவரில் மாட்டிய சார்ஜரின் அந்தப் பச்சை விளக்கு, கார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும், தானே கட்டிய ஏற்பாடு மூன்றாம் நாளே குலைந்துபோன எரிச்சலில், ஒருவேளை இருக்குமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த ஒரு கணத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாள். தெருவில் இருந்தவர்கள் அந்த மௌனத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நெவ் கிட்டோகூட அன்றைக்கு ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. ஃபியூஸ் மாற்றி முடிக்கும்வரை தன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் மெரின் பதிவுக் கருவியைக் கழற்றிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தாள். தெருவுக்கு மூன்று கம்பிகள் வருகின்றன; சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பெயர். கம்பிக்கு மூன்று வீடு. சிவப்பும் வெள்ளையும் ஒழுங்காக இருந்தன. நீலக் கம்பியில் மட்டும் ஆறு முப்பத்தெட்டுக்கு மின்சாரம் சுவர் எழுப்பியது மாதிரி செங்குத்தாக ஏறி, அதே உயரத்தில் அசையாமல் நின்றிருந்தது. ஏசி அப்படி இழுக்காது. அது ஏறும், இறங்கும். அடுப்பும் அப்படி இழுக்காது. இருபத்தேழு நிமிஷம் ஒரே சீராக ஏழு கிலோவாட். அது கார்தான். சனி, ஞாயிறு அந்தச் சுவர் இல்லை. திங்கள் இருந்தது.

நீலக் கம்பியில் இருந்த வீடுகள் மூன்று. மரிவிக், நெவ், அப்புறம் அவளே.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புருஷனைப் பிடித்தாள்.

"கஸ், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நேத்து ஆறரைக்குக் காருக்குச் சார்ஜ் போட்டியா?"

"நானா? அந்த அட்டையே நான் எழுதினது!"

"எழுதினவன் பண்ண மாட்டான்னு என்ன நிச்சயம்?"

"நேத்து ஆறரைக்கு நானும் நீயும் கடைல தர்பூசணி தூக்கிட்டு இருந்தோம். அந்த கார்லதான் போனோம். உனக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு."

அது உண்மை. மெரின் எதிர்வரிசைக்கு நடந்து மரிவிக் வீட்டுக் கதவைத் தட்டினாள். மரிவிக் கதவைத் திறந்தாள்; உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நீ ஏன் வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். காலைல ஹெட்டி சொன்னா."

"மரிவிக், நான் கேக்க வந்தது…"

"நேத்து கேட்டிருக்கணும். நடுத்தெருவுல அவ என் பேரச் சொன்னப்ப நீ கேட்டிருக்கணும். 'மரிவிக்கக் கேக்காம சொல்லாதே'ன்னு ஒரு வார்த்தை. நீ சொல்லலியாமே."

மெரினுக்குக் காது சுட்டது.

"நேத்து சாயங்காலம் ஒருத்தி வரலன்னு எனக்கு ரெண்டு ஷிஃப்ட் போட்டாங்க," என்றாள் மரிவிக். "காலைல ஆறுலேர்ந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் என் கார் அங்கதான் வெயில்ல காஞ்சுது. ஒம்பது வருஷம் இந்தத் தெருவுல இருக்கேன். வாக்கு குடுத்தா மீற மாட்டேன்னு உங்களுக்கு இன்னும் தெரியலன்னா, இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

சுவரில் ஒட்டியிருந்த கஸ்ஸின் அட்டையைக் கிழித்து மெரின் கையில் கொடுத்துவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

மெரின் அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ஃபியூஸ் போனதைவிட இது மோசம் என்று தோன்றியது. ஃபியூஸை மாற்றக் கம்பு இருக்கிறது.

மிச்சம் ஒரே வீடு. நெவ் கிட்டோ. தெருவில் மின்சாரக் காரை இதுவரை தொட்டுக்கூடப் பார்க்காத ஒரே ஆள். கணக்கு தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். வெல்டிங் மெஷின் ஏதாவது இருக்குமோ? அதுவும் இவ்வளவு சீராக இழுக்காதே.

எட்டாம் நம்பர் வீட்டுக் கதவைக் கோரல்தான் திறந்தாள். மெரினின் முகத்தைப் பார்த்ததும் அவள் தோள் தளர்ந்தது. பாரம் இறக்கி வைத்தவள் மாதிரி.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. ஒரு மாசமா நான் அந்த மனுஷன்கிட்டச் சொல்லிட்டே இருக்கேன். வா, பின்னால வா."

"யாரு அது?" என்று உள்ளேயிருந்து நெவ் கத்தினார்.

"உங்க பாவம் வந்திருக்கு," என்று பதிலுக்குக் கத்தினாள் கோரல்.

பின்பக்கம் பெரிய தகரக் கொட்டகை. அதன் கதவு புதர்க்காட்டை ஒட்டிய பின்சந்தில் திறக்கும். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. படகு மூடும் தார்ப்பாயைக் கோரல் இடது கையால் இழுத்தாள். உள்ளே, எலுமிச்சம்பழ நிறத்தில், சின்னதாக, பளபளவென்று ஒரு மின்சாரக் கார் நின்றிருந்தது.

மெரினுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. நெவ் மூச்சு வாங்க ஓடி வந்து, தார்ப்பாயைத் திரும்ப மூடப் போய், பாதியில் விட்டுவிட்டு நின்றார்.

"இது… கோரலோடது," என்றார்.

"என்னோடதுதான்," என்றாள் கோரல். "டீசல் வண்டில கியர் போட என் கையால முடியாது மெரின். கிளட்ச்ச மிதிக்கக் கால் வராது. ரெண்டு வருஷம் இவரு எங்க கூட்டிட்டுப் போறாரோ அங்கதான் போனேன். பாட்டுக் குழுவுக்குப் போறத விட்டுட்டேன். ஒரு நாள் இவரு ஒண்ணுமே சொல்லாம அடிலெய்டுக்குப் போயி இத ஓட்டிட்டு வந்தாரு. கையே வேணாம், ஒரு விரல் போதும் இதுக்கு. இப்ப வாரத்துல மூணு நாள் நானே ஓட்டிட்டுப் பாட்டுக்குப் போறேன். சாயங்காலம் ஆறரைக்கு வந்துடுவேன்."

"வந்ததும் இவரு சார்ஜ் போட்டுடுவாரு," என்றாள் மெரின்.

"எல்லாரும் அப்ப செய்தி பாத்துட்டு இருப்பாங்க," என்றார் நெவ் சின்னக் குரலில். "ஏசி சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

"இத மறைச்சு வைக்க என்ன இருக்கு நெவ்? நல்ல காரியந்தானே பண்ணியிருக்கீங்க?"

நெவ் கூரையைப் பார்த்தார். கோரல்தான் சொன்னாள். புல்வெளியில் பந்து உருட்டி ஆடும் பௌலிங் கிளப்பில் போன வருஷம் ஐம்பது பேருக்கு முன்னால் நெவ் ஒரு சத்தியம் செய்திருந்தாராம். தான் மின்சாரக் கார் வாங்குகிற நாளில் கோரலின் கல்யாண கவுனைப் போட்டுக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று வருவதாக. அதைக் கிளப் செயலாளர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வேறு வாங்கிவிட்டாராம்.

மெரின் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு கிழிந்த அட்டைத் துண்டுகள் இன்னும் தன் கையில் இருப்பது தெரிந்து சிரிப்பு நின்றது.

"நேத்து மரிவிக் பேரு நடுத்தெருவுல அடிபட்டுது. நீங்க வாசல்ல நின்னு கேட்டுட்டுதான் இருந்தீங்க."

நெவ் தலையைத் தொங்கப்போட்டார். "கேட்டேன். சாப்பாடு இறங்கல."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அவகிட்டச் சொல்லணும்."

"சொல்றேன், சொல்றேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கொஞ்சம் யோசிச்சுக்கிறேன். இந்த வாரம் போகட்டும்…"

கோரல் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி. மரிவிக் ஷிஃப்ட் முடிந்து வந்து காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். டாம்ஸின் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மெரின் அன்றைக்கு விடுப்பு. அப்போது தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு தடவை இல்லை, விடாமல். எலுமிச்சை நிறக் கார் ஊர்வலம் வருவது போல நடை வேகத்தில் தெருவுக்குள் வந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, கருப்புக் கண்ணாடி போட்டு, கோரல் ஓட்டிவந்தாள். பக்கத்து இருக்கையில் நெவ் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு எவ்வளவு தாழ உட்கார முடியுமோ அவ்வளவு தாழ உட்கார்ந்திருந்தார்.

கார் மரிவிக் வீட்டு வாசலில் நின்றது.

"இறங்குங்க," என்றாள் கோரல்.

நெவ் இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"மரிவிக், திங்கக்கிழமை ஃபியூஸ் போனது என்னால. போன வாரம் போனதுலயும் என் பங்கு இருக்கு. இது எங்க வீட்டுக் கார். உன் மேல பழி விழுந்தப்ப நான் வாய மூடிட்டு நின்னேன். அது… அது அசிங்கமான வேலை. உன் நண்டு போனதுக்கும் நாந்தான் காரணம்."

மரிவிக் காரைப் பார்த்தாள். நெவ்வைப் பார்த்தாள். மறுபடி காரைப் பார்த்தாள். உதடு துடித்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"கன்னுக்குட்டி மாதிரி சுவத்துல வாய வச்சுதா நெவ்?"

"வச்சுது," என்றார் அவர் பரிதாபமாக.

"எத்தனை நண்டு தெரியுமா? முப்பத்தி நாலு. நீங்கதான் வந்து வாரித் தரணும். இடுப்பளவு தண்ணில. உங்க முட்டி வலின்னு எல்லாம் சொல்லக் கூடாது."

டாம்ஸின் ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. பிரசவ அறையில் அந்தப் பழக்கம் தேவைப்பட்டதில்லை. மரிவிக் முன்னால் வந்து நின்று, "என் மேல கோவமா இரு. எத்தனை நாள் வேணா இரு. ஆனா பேசிட்டு இரு," என்றாள். மரிவிக் அவளை உடனே மன்னிக்கவில்லை. ஆனால் பதில் சொன்னாள். சாயங்காலம் மெரினிடம் வந்து, "கஸ்கிட்டச் சொல்லி அந்த அட்டைய இன்னொரு படி எழுதித் தரச் சொல்லு," என்றாள். மெரின் அவளைக் கட்டிக்கொண்டாள். "நான் அன்னிக்கே கேட்டிருக்கணும் மரிவிக்." "ஆமா, கேட்டிருக்கணும்," என்றாள் மரிவிக், அவள் முதுகைத் தட்டியபடியே.

ஆனால் பழைய அட்டையை அப்படியே எழுத வேண்டி வரவில்லை. பதிவுக் கருவியின் கணக்கை மெரின் மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். சாயங்காலத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மத்தியானத்தை அவள் கவனிக்கவே இல்லை. பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை ஒன்பது கூரையிலிருந்தும் மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியாக வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. கோரல் பாட்டுக்குக் கிளம்புவது மூன்றரைக்கு. காலை முழுக்க அவள் கார் கொட்டகையில் சும்மா நின்றது, அதே கொட்டகைக் கூரையில் பதினெட்டுத் தகடு வெயில் காய்ந்துகொண்டிருக்க. மரிவிக் மூன்று மணிக்கே வந்துவிடுகிறாள். டாம்ஸின் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தால் பகலெல்லாம் தூங்குகிறாள், கார் வாசலில் நிற்கிறது. ஹெட்டியின் மருத்துவமனை நடக்கிற தூரம். ராத்திரி முறை உண்மையில் கஸ்ஸுக்கு மட்டும்தான் தேவை.

"ஆனா டாம்ஸின் தூங்கிட்டா யாரு போட்டு எடுக்குறது?" என்றான் கஸ். "ரெண்டு மணிக்கு அவளோடத எடுத்தாத்தானே மூணு மணிக்கு மரிவிக்கோடதப் போட முடியும்?"

"நாள் முழுக்க வீட்டுல இருக்குற ஆளு யாரு?" என்றாள் மெரின்.

அந்த ஆள் முதலில் மாட்டேன் என்றார். நான் என்ன பெட்ரோல் பங்க் பையனா என்றார். இரண்டாம் நாளே கழுத்தில் விசிலும் கையில் கடிகாரமுமாகத் தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டார். தானியக் கிடங்கில் எந்த லாரி எப்போது எந்தக் குழாய்க்குக் கீழே நிற்க வேண்டும் என்று நாற்பது வருஷம் பார்த்தவருக்கு ஐந்து கார் எம்மாத்திரம்? எந்தக் காரில் எவ்வளவு மிச்சம், யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் அவருக்கு மனப்பாடம்.

சனிக்கிழமை கிளப்பில் சத்தியத்தை நிறைவேற்றச் சொன்னார்கள். கோரலின் கவுன் நெவ்வுக்குத் தோளுக்கு மேல் ஏறவில்லை. தையல் விடுகிற சத்தம் கேட்டதும் கோரல் பிடுங்கிக்கொண்டாள். கடைசியில் முக்காடை மட்டும் தலையில் போட்டுக்கொண்டு, கையில் பூங்கொத்தோடு, ஐம்பது பேர் கைதட்ட மைதானத்தை ஒரு சுற்று வந்தார். மரிவிக் வீடியோ எடுத்தாள். அவள் முதியோர் இல்லத்தில் அதை நாற்பது பேர் பார்த்தார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் வெயில் ஒரு கடைசி ஆட்டம் ஆடியது. நாற்பத்தைந்து டிகிரி. ஆறரை மணிக்கு கெல்ப் தெருவில் ஒன்பது ஏசியும் ஒன்றாக உறுமின. மெரின் சீருடையைக்கூடக் கழற்றவில்லை. கம்பை வண்டியில் தயாராக வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். பார்த்தால், மற்றவர்களும் மடக்கு நாற்காலிகளோடு வந்திருந்தார்கள். உள்ளே ஏசி குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருக்க, எல்லாரும் வெளியே அனலில் உட்கார்ந்து கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறே முக்கால் ஆனது. ஏழு ஆனது. ஏழு ஐந்துக்கு ஹெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஏழரைக்கு மரிவிக் எழுந்தாள். "எல்லாருக்கும் பைத்தியமா? உள்ள போனா குளிரா இருக்கும்," என்றாள். அப்படியும் யாரும் எழவில்லை. நெவ் வாரிக் கொடுத்த நண்டை அவள் பெரிய பாத்திரத்தில் அவித்துக் கொண்டுவந்தாள். தெருவிலேயே உடைத்துச் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்டில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், புது டிரான்ஸ்பார்மர் லாரியில் வந்தது. மெரினும் டாரியோவும் கிரேன் வைத்துப் பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றினார்கள். மத்தியானம் வேலை முடிந்ததும் மெரின் நெவ்விடம் போய், "இனிமே யார் எப்ப வேணா சார்ஜ் போட்டுக்கலாம். உங்களுக்கு விடுதலை," என்றாள்.

"யாரு கேட்டா விடுதலைய?" என்றார் நெவ். "போன கோடைல நாலு கார், எங்களோடத சேத்தா அஞ்சு. இப்ப ஒண்ணாம் நம்பர் வீட்டுலயும் ஒண்ணு வாங்கப் போறாங்களாம். அப்ப ஆறு. இத விட்டா அடுத்த கோடைல புதுசும் படுத்துக்கும். அதுவும் இல்லாம, அந்த டாம்ஸினத் தனியா விட முடியாது. கேபிள எப்படிச் சுத்தி வைக்கிறா பாத்தியா? பாம்பு கொத்தப் போற மாதிரி. எத்தனை தடவை சொல்லிட்டேன், பெருசா வளையம் போடும்மா, உள்ள கம்பி ஒடிஞ்சுடும்னு. கேக்குறாளா?"

மணி இரண்டு ஆகியிருந்தது. அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, டாம்ஸின் வீட்டுப் பக்கம் தூறலில் நடந்தார்.